ஜோன் பென்றி லூயிஸ் துரையின் குடும்பப் பெயர் எந்த நாட்டுக்குரியது?

முத்தையன்கட்டு வாசகி எழுதியது:

வணக்கம் உறவுகளே.

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்காக, வன்னியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பழைய அதிகாரிகளைக் குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களுள் முதலில் வைத்து எண்ணப்பட வேண்டியவர் ஜோன் பென்றி லூயிஸ் என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். இலங்கைக் குடியியற் சேவையைச் சேர்ந்த அவர் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றித் தொகுத்த கைநூல் 1895ஆம் ஆண்டு கொழும்பில் அச்சாகியது. வன்னியரின் வரலாற்றையோ எங்கள் குளங்களின் பழைய நிலையையோ எழுதப் புகும் எவரும் இன்றும் அந்த நூலைத் தொடாமல் போக முடியாது.

கட்டுரையில் அவரை "ஆங்கிலேயர்" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், லூயிஸ் என்பது வேல்ஸ் நாட்டுப் பெயர் என்றும், வேல்ஸ்காரரை ஆங்கிலேயர் என்று எழுதுவது எங்களை வேறோர் இனத்தின் பெயரால் அழைப்பதற்கு ஒப்பானது என்றும் சொன்னார். அதே இடத்திலிருந்த இன்னொரு பெரியவரோ, முல்லைத்தீவுக் கரையோரத்தில் லூயிஸ் என்ற பெயர் உடையவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள் என்றும், அந்தப் பெயர் துரையின் காலத்தில் அவரைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டது என்றும் வாதிட்டார். இரண்டாவது கூற்று எனக்கு மிகையாகப் படுகிறது. ஆயினும் மறுப்பதற்குக் கையில் சான்று எதுவும் இல்லை.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். லூயிஸ் உண்மையில் வேல்ஸ் பெயர்தானா? நடுவில் நிற்கும் "பென்றி" என்பது என்ன? எங்கள் கரையோர லூயிஸ்மாருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பாலியாற்றங்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. பென்றியிலிருந்து தொடங்கினால் லூயிஸ் தானாகவே விளங்கும் என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் மறுமொழி சொல்கிறேன்.

வேல்ஸ் மக்களிடம் நீண்ட காலமாகக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு பெயர், அதன் பின் "ஆப்" என்ற சொல், அதன் பின் தந்தையின் பெயர், விரும்பினால் அதன் பின் பாட்டன், பூட்டன் பெயர்கள் என்று அடுக்கிக்கொண்டு போவதுதான் அவர்களின் வழக்கம். "ஆப்" என்றால் மகன். உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன் அதன் இறுதி ஒலி மென்மையாகி, "ap" என்பதற்குப் பதிலாக "ab" என்று எழுதப்படும். மகளுக்கு "வெர்க்" என்று வேறு சொல் உண்டு. 1282ஆம் ஆண்டு டிசம்பரில் கில்மெரி என்ற இடத்தருகே ஆங்கிலப் படையினரால் கொல்லப்பட்ட வேல்ஸ் இளவரசரின் பெயர் லிவெலின் ஆப் கிரிஃபித்; அதாவது கிரிஃபித்தின் மகன் லிவெலின். அவருடைய பாட்டனார் லிவெலின் ஆப் யோர்வெர்த். எங்கள் பெயர்களில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கிறது, அவர்களுக்கு அது முழுதாகப் பின்னே நிற்கிறது என்பதைத் தவிர முறை ஒன்றுதான்.

இந்த "ஆப்" பின்னாளில் தந்தையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று. ஆப் ஹவெல் என்பது பவெல், ஆப் ஹியூ என்பது பியூ, ஆப் ரிச்சர்ட் என்பது பிரிச்சர்ட், ஆப் ரொபேட் என்பது புரொபேட். உயிரெழுத்துக்கு முன் வந்த மென்மையான வடிவம் ஓவைனோடு சேர்ந்து போவன் என்றும், எவனோடு சேர்ந்து பெவன் என்றும் ஆகியது. அதே வழியில் ஆப் ஹென்றி என்பதே பென்றி. ஹென்றியைப் பேச்சில் ஹரி என்பார்கள் ஆதலால் ஆப் ஹரி என்பது பரி என்று இன்னொரு குடும்பப் பெயராகவும் நிலைத்தது. ஆகவே எங்கள் லூயிஸ் துரையின் பெயருக்கு நடுவே நிற்பது "ஹென்றியின் மகன்" என்னும் பழைய வேல்ஸ் தொடரின் எச்சம். இங்கிலாந்தின் பெயர் மரபில் அது தோன்றியிருக்க வழியில்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அவருடைய பெயர் வெறும் பென்றி அன்று, ஜோன் பென்றி. வேல்ஸ் சமய வரலாற்றில் ஜோன் பென்றி என்பவர் பெரிய ஆள். 1563ஆம் ஆண்டு பிரெக்னொக்சயரில் பிறந்தவர். வேல்ஸ் மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே போதிக்கக் கூடிய குருமார் வேண்டும் என்று எலிசபெத் அரசியின் நாடாளுமன்றத்திடம் மன்றாடி எழுதியவர். அரச திருச்சபையைக் கண்டித்தமைக்காக 1593ஆம் ஆண்டு மே மாதம் முப்பது வயதளவில் தூக்கிலிடப்பட்டவர். அரச திருச்சபையை ஏற்காத வேல்ஸ் கிறிஸ்தவர்கள் பின்னாளில் அவரைத் தங்கள் முதல் தியாகிகளுள் ஒருவராகக் கொண்டாடினார்கள். அத்தகைய குடும்பங்களில் பிள்ளைக்கு ஜோன் பென்றி என்று சேர்த்துப் பெயரிடுவது இயல்பு. லூயிஸ் துரையும் அந்த நடுப்பெயரை மறைக்கவில்லை. இலங்கையிலுள்ள கல்லறைகளினதும் நினைவுச்சின்னங்களினதும் வாசகங்களைத் திரட்டி 1913இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுப்பில் "ஜே. பென்றி லூயிஸ்" என்றே தம்மைக் குறிப்பிட்டிருக்கிறார். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆசிரியர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கார்டிவ் புதுக்குடியிருப்பான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்பிலிருந்து வந்து வேல்ஸின் தலைநகரில் நெடுங்காலம் வாழ்பவன் என்ற முறையில் லூயிஸ் என்ற பெயரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பென்றியைப் பற்றிப் பாலியாற்றங்கரை அண்ணர் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை.

லூயிஸ் என்ற எழுத்துக்கூட்டலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பிரான்சிலிருந்து நோர்மானியரோடு இங்கிலாந்துக்கு வந்த லூயி. பழைய பிராங்கியரின் மொழியில் புகழையும் போரையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர் அது. இலத்தீனில் லுடோவிக்கஸ் என்று எழுதப்பட்டது. இரண்டாவது, வேல்ஸ் மக்களின் லிவெலின். இவை பிறப்பால் ஒன்றோடொன்று உறவில்லாதவை. ஆயினும் வேல்ஸில் வாழும் லூயிஸ் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையர் ஒருவர் லிவெலின் என்ற பெயரோடுதான் இருந்திருப்பார்.

லிவெலின் எப்படி லூயிஸ் ஆனது என்பதற்கு அந்தப் பெயரின் முதல் ஒலியே காரணம். நாக்கை லகரத்துக்கு வைப்பதுபோல வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூச்சை மட்டும் பக்கவாட்டில் ஊதினால் வருகிற ஒலி அது. எங்களிடம் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் இருந்தும் அந்த ஒலிக்கு எழுத்தில்லை. ஆங்கிலேயருக்கோ ஒரே ஒரு லகரந்தான். நோர்மானிய எழுத்தர்களும் ஆங்கில எழுத்தர்களும் தங்கள் செவிக்குப் பழகிய லூயிஸ் என்பதையே அதற்கு ஈடாக எழுதினார்கள், இலத்தீன் ஆவணமென்றால் லுடோவிக்கஸ் என்றே போட்டுவிட்டார்கள். காலப்போக்கில் வேல்ஸ் மக்களும் லிவெலினுக்குச் செல்லமாகவும் சுருக்கமாகவும் லூயிஸ் என்றே வழங்கலானார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் வேல்ஸ் புலவர்களுள் ஒருவரான லூயிஸ் கிளின் கோத்தி என்பவருக்கு லிவெலின் எ கிளின் என்ற பெயரும் உண்டு. இரண்டும் ஒரே மனிதரைக் குறிக்கின்றன. இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

லிவெலின் என்பதன் பொருள் என்ன என்று கேட்டால், வேல்ஸ் மக்கள் அதில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லையோ தலைவனைக் குறிக்கும் சொல்லையோ காண்பார்கள். கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், அவை பின்னால் வந்தவர்கள் ஒலியைப் பார்த்துச் சொன்ன விளக்கங்கள். மொழியறிஞர்கள் அதைக் கிறிஸ்தவத்துக்கு முந்திய கெல்த்தியத் தெய்வங்களாகிய லூகுஸ், பெலெனோஸ் ஆகியோரின் பெயர்களோடு தொடர்புபடுத்துகிறார்கள்.

தந்தையின் பெயர் எப்போது மாறாத குடும்பப் பெயராக உறைந்தது என்பதே எனக்கு மிகவும் சுவையான பகுதி. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1536, 1543 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் நிர்வாகத்தோடு முழுமையாக இணைக்கப்பட்டது. நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமாயிற்று. குடும்பப் பெயர் வைத்துக்கொள் என்று எந்தச் சட்டமும் நேரடியாகக் கட்டளையிடவில்லை. ஆனால் வழக்கு, நிலப்பத்திரம், வரிப்பதிவு எல்லாம் ஆங்கில முறையில் நடக்கத் தொடங்கியதும், ஐந்தாறு தலைமுறையை அடுக்கிய பெயரோடு எழுத்தர் முன்னால் நிற்பது நிலவுடைமையாளருக்குச் சங்கடமாகப் போயிற்று. அக்காலத்தில் வேல்ஸ் எல்லைப்புற மன்றத்தின் தலைவராக இருந்த ரோலண்ட் லீ என்ற ஆயர், தோமஸ் ஆப் ரிச்சர்ட் ஆப் ஹவெல் ஆப் இயூவன் வாகன் என்று நீண்ட பெயரைக் கேட்டு அலுத்துப்போய், கடைசிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ மட்டும் வைத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டதாகவும், அதனால் அந்தக் குடும்பம் தன் இருப்பிடத்தின் பெயரான மொஸ்டின் என்பதை ஏற்றதாகவும் ஒரு மரபுக் கதை உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் இயற்றிய அரசனின் டியூடர் என்ற குலப்பெயரே இப்படித் தற்செயலாக உறைந்த வேல்ஸ் பெயர்தான். அவனுடைய முப்பாட்டனார் ஓவைன் ஆப் மரெடித் ஆப் டியூடர். ஆங்கில முறைப்படி தந்தையின் பெயர் நின்றிருந்தால் இங்கிலாந்தை ஆண்டவர்கள் மரெடித் குலத்தவர் என்று அழைக்கப்பட்டிருப்பார்கள். பாட்டனின் பெயர் ஒட்டிக்கொண்டதால் டியூடர் ஆனார்கள்.

லூயிஸ் என்ற பெயரும் அதே நூற்றாண்டில்தான் பெரிய குடும்பங்களில் உறைந்தது. கார்டிவுக்கு வடக்கே கேர்பிலிக்கு அருகில் "வான்" என்று ஒரு பழைய மாளிகை உண்டு. அங்கிருந்த லூயிஸ் குடும்பத்தார், 1158இல் கார்டிவ் கோட்டைக்குள் மதிலேறிப் புகுந்து குளோஸ்டர் பிரபுவைச் சிறைபிடித்த ஐவோர் பாக் என்ற வேல்ஸ் தலைவனின் வழிவந்தவர்கள். அத்தனை தலைமுறையாக ஆப் சேர்த்தே எழுதிவந்த அந்தக் குடும்பத்தில், லூயிஸ் என்பவரின் மகன் எட்வர்ட் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தந்தையின் பெயரைத் தன் குடும்பப் பெயராக்கினார். ஏழைகள் அவ்வளவு அவசரப்படவில்லை. மலைப்பகுதிகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுங்கூட மகனின் பெயர் ஒன்றாகவும் தந்தையின் பெயர் வேறொன்றாகவும் பதிவேடுகளில் கிடக்கின்றன. பெண்களும் திருமணத்துக்குப் பின் நெடுங்காலம் தந்தையின் பெயரையே வைத்திருந்தார்கள்.

அதன் விளைவு என்ன தெரியுமா? பெயர் உறைந்த காலத்தில் வழக்கிலிருந்த ஆண் பெயர்கள் சிலவே ஆதலால், நாடு முழுவதும் ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ், தோமஸ், லூயிஸ் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களுக்குள் அடங்கிப்போயிற்று. லூயிஸ் முதல் பத்துக்குள் நிற்கிறது. கிளமோர்கன், கார்மார்தன் பக்கமாகிய தென்வேல்ஸில் அதிகம். ஜோன்ஸ், எவன்ஸ் போன்றவற்றின் இறுதியில் வரும் சகர ஒலி "இன்னாருடைய" என்று பொருள் தருகின்ற ஆங்கில ஒட்டு. லூயிஸின் இறுதி ஒலி அப்படிப்பட்டதன்று, பெயரோடு பிறந்தது. ஓர் ஊரில் இருபது ஜோன்ஸ் இருந்தால் பாண் ஜோன்ஸ், பால் ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்து அழைப்பார்கள். எங்கள் ஊரில் மில் கந்தசாமி, றக்டர் கந்தசாமி என்று பிரித்தறிவது போலத்தான். படையில் அதற்கும் இடமில்லை. 1879இல் தென்னாபிரிக்காவின் றோக்ஸ் டிறிப்ற் சண்டையில் விக்டோரியா சிலுவை என்ற வீரப்பதக்கம் பெற்றவர்களுள் இருவர் ஜோன்ஸ். அவர்களைப் படையிலக்கம் சேர்த்து 593 வில்லியம் ஜோன்ஸ், 716 ரொபேட் ஜோன்ஸ் என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் என்று கண்டவுடன் வேல்ஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கிலாந்தில் நோர்மானிய லூயியின் வழிவந்தவர்கள் உண்டு. லேவி என்ற தங்கள் பெயரை லூயிஸ் என்று மாற்றிக்கொண்ட யூதக் குடும்பங்களும் உண்டு. ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு இதில் பங்கே இல்லை. ஆகவே எங்கள் துரையை வேல்ஸோடு இணைப்பதற்கு லூயிஸை விடப் பென்றியே வலுவான சான்று.

முல்லைக்கடல் எழுதியது:

சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு நான் மறுமொழி சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்திலும் ஒரு லூயிஸ் பாட்டனார் இருந்தவர்.

கரையோர லூயிஸ் துரையைப் பார்த்து வைத்த பெயர் அன்று. மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை எங்கள் கத்தோலிக்கர் ஞானஸ்நானத்தில் புனிதர் பெயரை ஏற்பது போர்த்துக்கேயர் காலத்திலேயே தொடங்கிய வழக்கம். அவர்களின் மொழியில் அந்தப் பெயர் லுயிஸ். பின்னர் 1847ஆம் ஆண்டிலிருந்து அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து பணியாற்றியபோது, அவர்களுள் பலர் பிரெஞ்சுக்காரராக இருந்தமையால் லூயி என்ற வடிவமும் பழகியது. அலோசியஸ் என்பதும் அதே பெயரின் இன்னோர் உருவந்தான். அலோசியஸ் கொன்சாகாவை எங்கள் முன்னோர் ஞானப்பிரகாசியார் என்று அழைத்தார்கள் என்பதைப் பலரும் அறிவீர்கள். ஒல்லாந்து வழிவந்த பறங்கியரிடம் லுடோவைக் என்று இருப்பதும் அந்த இலத்தீன் லுடோவிக்கஸோடு உறவுடையதே.

கார்டிவ் அண்ணர் எழுதியதோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. எங்கள் பாட்டனாரின் லூயிஸ், பிரெஞ்சு அரசர்களின் லூயியோடு உறவுடையது. வவுனியாக் கச்சேரியில் கையொப்பமிட்ட துரையின் லூயிஸ் அந்த உறவு இல்லாமல், எழுத்தர்களின் வசதிக்காக அதே உடையைப் போட்டுக்கொண்ட லிவெலின். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவதால்தான் அந்தப் பெரியவருக்கு அப்படி ஓர் எண்ணம் வந்திருக்க வேண்டும். மேலும் எங்களுக்கு லூயிஸ் என்பது ஆளின் பெயர். அவருடைய பிள்ளைக்கு அது முதலெழுத்தாகப் போகும், பேரப்பிள்ளைக்கு மறைந்துவிடும். துரைக்கோ அது குடும்பப் பெயர்.

முத்தையன்கட்டு வாசகி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மலரில் "வேல்ஸ் மரபுப் பெயர் தாங்கிய பிரித்தானிய அதிகாரி" என்று எழுதுவதாக இருக்கிறேன். கரையோர லூயிஸைப் பற்றித் தனியாக ஒரு பெட்டிச் செய்தி வைக்கலாம் என்று மலர்க் குழுவும் இசைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஒரு வேல்ஸ் குடும்பத்தில் எந்தத் தலைமுறையில் பெயர் உறைந்தது என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? எங்களுடைய பதிவுகள் போரில் அழிந்துபோனமையால், அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

கார்டிவ் புதுக்குடியிருப்பான் எழுதியது:

வழி உண்டு, தங்கச்சி, பொறுமை வேண்டும். 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவு செய்கிறது. 1841ஆம் ஆண்டு முதல் குடிசன மதிப்பீட்டில் ஆட்களின் பெயர்களும் உண்டு. அதுவரை போவது எளிது. அதற்கு அப்பால் கோவிற்பற்றுப் பதிவேடுகளையும் மரண சாசனங்களையும் நாட வேண்டும். 1858க்கு முன் வேல்ஸின் திருச்சபை நீதிமன்றங்களில் உறுதிப்படுத்தப்பட்ட மரண சாசனங்கள் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன; அவற்றின் படிமங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெயர் உறைந்த தலைமுறையைப் பிடிக்க மரண சாசனத்தைப் போல உதவுவது வேறொன்றில்லை. லிவெலின் தோமஸ் என்பவர் தன் சொத்தை "என் மகன் ஜோன் லிவெலின்" என்பவருக்கு எழுதினால் பழைய முறை இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். "என் மகன் ஜோன் தோமஸ்" என்று எழுதினால் அந்த வீட்டில் பெயர் உறைந்துவிட்டது. லூயிஸ் குடும்பங்களைத் தேடும்போது லிவெலின், லூயிஸ், லுடோவிக்கஸ் மூன்றையும் ஒரே ஆளின் பெயராகக் கருதித் தேட வேண்டும்; சில எழுத்தர்கள் ஒரே மனிதரை ஒரு தாளில் ஒரு விதமாகவும் அடுத்த தாளில் இன்னொரு விதமாகவும் எழுதினார்கள்.

உறைந்த பெயரை உருக்கி எடுப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். குடும்பப் பெயரை விட்டுவிட்டு மீண்டும் "ஆப்" சேர்த்து எழுதுவது வேல்ஸ் மொழிப் பற்றாளர்களிடையே சென்ற நூற்றாண்டிலிருந்து வளர்ந்துவரும் வழக்கம். 2023இல் வேல்ஸ் தேசியக் கட்சியாகிய பிளைட் கம்ரியின் தலைவரானவரின் பெயர் ரூன் ஆப் யோர்வெர்த். என் வீட்டில் நடந்ததோ இதற்கு எதிர்த்திசை: கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தமையால் அதில் என் தந்தையாரின் பெயரை எழுதினேன், இப்போது என் பிள்ளைகளும் அதையே குடும்பப் பெயராகத் தாங்குகிறார்கள். பெயரைச் சரியாக உச்சரிக்க இயலாத வேல்ஸ் ஆசிரியை ஒருவர், இது உங்கள் தந்தையின் பெயரா, பாட்டனின் பெயரா என்று என் மகளிடம் கேட்டிருக்கிறார். இந்த நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் வேல்ஸ்காரர் மட்டுந்தான் என்று நான் நினைப்பதுண்டு.